பிடிப்பும் வழுக்கலும்

மோட்டார் வண்டியின் எஞ்சினைத் திருத்தி, தொழிற்சாலையில் அது பெற்றிருந்த சக்தியை இருமடங்கோ மும்மடங்கோ ஆக்கிக்கொண்ட ஒருவன், அந்தச் சக்தியைத் தாங்கும் கிளட்ச் ஒன்றைத் தேடிப் புறப்படும்போது, ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதா, ஸெராமிக் பதித்த பிளேட்டைப் போடுவதா, ஒரு பிளேட்டுக்குப் பதில் இரண்டை வைப்பதா என்று அவன் முன் விரியும் வழிகள் யாவும் அண்மையில் தோன்றியவை என்றே எண்ணக்கூடும். உண்மையில் அவ்வழிகளின் தத்துவம் முழுவதும் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் கண்டறியப்பட்டுவிட்டது. அவற்றை அளவு கடந்த சக்திக்கு உட்படுத்தி, எது எவ்விடத்தில் உதவும், எது எவ்விடத்தில் உயிருக்கே அபாயமாகும் என்று நிரூபித்தவர்களோ, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் தெற்குக் கலிபோர்னியாவில் பழைய ஃபோர்டு வண்டிகளை மலிவாக வாங்கி வேக வண்டிகளாக மாற்றிய இளைஞர்கள்.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் கிளட்ச் என்று தனியே ஓர் உறுப்பு இல்லை. வெறுமே சுழலும் கப்பியிலிருந்து, அச்சோடு பிணைந்த கப்பிக்குத் தோல் பட்டையை நகர்த்துவதே போதுமாயிருந்தது. 1891-இல் பனார் லெவாஸோர் நிறுவனத்தின் எமீல் லெவாஸோர், எஞ்சினை முன்னே வைத்து, அதன் பின் கிளட்சையும் பற்சக்கரப் பெட்டியையும் வரிசைப்படுத்திய பிறகுதான், எஞ்சினையும் சக்கரங்களையும் வேண்டும்போது இணைத்து வேண்டும்போது பிரிக்கும் இந்தச் சாதனத்துக்கு நிலையான இடம் கிடைத்தது. அக்காலத்துக் கிளட்ச் பெரும்பாலும் தோல் போர்த்திய கூம்பு. எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் உட்குழிவில் அது போய்ப் பொருந்தும். தோல் உலர்ந்தால் வெடுக்கென்று பிடித்து வண்டியைத் துள்ளவைக்கும். எண்ணெய் ஊறினால் வழுக்கும். ஆகையால் ஒரு நாள் எண்ணெய் தடவி இளக்குவதும், மறுநாள் முல்தானி மட்டி போன்ற எண்ணெய் உறிஞ்சும் மண்ணைத் தூவி இறுக்குவதும் அன்றைய சாரதியின் நித்திய கைங்கரியங்களாக இருந்தன.

இந்தத் தொல்லைக்கு இருவர் இரண்டு திசைகளிலிருந்து பரிகாரம் தேடினார்கள். ஹென்றி ஹீல்‑ஷா என்ற ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர், எண்ணெயில் தோய்ந்த மெல்லிய உலோகத் தட்டுகள் பலவற்றை அடுக்கி, ஒவ்வொரு தட்டும் சுமையில் ஒரு பங்கை ஏற்குமாறு செய்தார். பிற்காலத்தில் புகாட்டி தம் பந்தய வண்டிகளில் பல தட்டுக் கிளட்சையே விடாது கையாண்டார். மற்றவர் டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட். குடியானவர்கள் வண்டியின் தடைக்கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்து அடிப்பதைக் கண்டு, உராய்வுக்கென்றே ஒரு பொருளைச் செய்ய 1897-இல் முனைந்தவர் அவர். அம்முயற்சியே ஃபெரோடோ நிறுவனமாக வளர்ந்தது. விரைவில் கல்நார் அப்பொருள்களில் இடம் பெற்றது. வெப்பத்தைத் தாங்குவதில் அன்று அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் தூசியைப் பல்லாண்டு சுவாசித்த தொழிலாளர்களும் மெக்கானிக்குகளும் நுரையீரல் நோயால் மடிந்த கதை, இத்தொழிலின் சரித்திரத்தில் ஆறாத வடு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல்தான் அதன் உபயோகத்தை விலக்கியது.

கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்குவிசை நான்கு அளவுகளின் பெருக்கம்: பிளேட்டை நெருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம், உராயும் பொருளின் பிடிப்பு, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. எதைக் கூட்டினாலும் தாங்குதிறன் கூடும். எதற்கும் விலையும் உண்டு. ஸ்பிரிங் கடினமானால் ஓட்டுபவனின் கால் தளரும். பிடிப்பு மிகுந்தால் வண்டி துள்ளும். ஆரம் பெருகினால் எஞ்சின் வேகமெடுக்கத் தாமதிக்கும். முகங்கள் பெருகினால் செலவு கூடும், வெப்பம் வெளியேறுவதும் கடினமாகும். இந்தக் கணக்கை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். உடம்பால் படித்தவர்கள் கலிபோர்னியர்கள்.

1932-இல் வெளிவந்த ஃபோர்டு வி8 எஞ்சின், நிமிஷத்துக்கு 3,400 சுற்றில் 65 குதிரைசக்தி தந்தது. அதன் சக்தியையும் சுற்றையும் இளைஞர்கள் ஏற்றிக்கொண்டே போனபோது, லாரிகளின் பெரிய கிளட்சைக் கொண்டுவந்து பொருத்துவதே முதலில் தோன்றிய உபாயம். 1950-இல் சாண்டா ஆனா விமான ஓடுதளத்தில் நேர்கோட்டுப் பந்தயம் ஒழுங்காகத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் இப்படித் திருத்திய வேக வண்டிகளுக்கென்று வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். அந்நாளைய டயர்கள் தரையைப் பற்றாமல் வெறுமே சுழன்றன. சக்தியின் பெரும்பகுதி புகையாகப் போனதால் கிளட்ச் பிழைத்திருந்தது. 1950களின் பிற்பகுதியில் எம் அண்டு எச் முதலிய நிறுவனங்கள் பந்தயத்துக்கென்றே வரியற்ற மிருதுவான டயர்களை விற்கத் தொடங்கியதும் அந்தத் தயவு நீங்கியது. டயர் வழுக்காவிட்டால் வேறு ஏதேனும் ஒன்று வழுக்கவோ உடையவோ வேண்டும் அல்லவா?

உடைந்தவற்றுள் மிகக் கொடியது ஃபிளைவீல். சுழலும் தட்டுக்குள் எழும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், சுற்று இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். மிதவேகத்துக்கு வார்த்த இரும்பு, தேய்ப்பில் பழுக்கக் காய்ந்து கீறலும் விட்டபின், அதைத் தாங்காமல் வெடித்துத் துண்டுகளாகப் பறந்தது. அதன் அருகில் இருந்தவை ஓட்டுபவனின் பாதங்கள். எத்தனையோ இளைஞர்கள் ஊனமடைந்த பிறகே, பால் ஷீஃபர் போன்றவர்கள் செய்த அலுமினிய ஃபிளைவீல்களும், கிளட்சைச் சுற்றி மூடும் பெல் ஹவுசிங் என்ற எஃகுக் கவசமும் பந்தயத் திடலில் வழக்கத்துக்கு வந்தன. 1978-இல் எஸ்எஃப்ஐ என்ற அமைப்பு தோன்றி இவற்றுக்குப் பரீக்ஷையும் முத்திரையும் வகுத்தது.

இனி மற்றொரு திருப்பத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான பகுதி இதுவே. அறுபதுகளில் பந்தயக்காரர்கள், கிளட்சை இறுகப் பிடிக்கச் செய்வதைவிட, புறப்படும்போது அளவோடு வழுக்கவிட்டு, வேகம் ஏற ஏற இறுகச் செய்தால் வண்டி முன்னதாகச் சென்று சேர்கிறது என்று கண்டார்கள். நெம்புகோல்களில் எடைகளைக் கோத்து, சுற்று மிகுந்தால் அழுத்தம் தானே மிகும்படி அமைப்பது இதற்கு வழி. பெடலை இலேசாக்கும் பொருட்டு ஃபோர்டு வண்டிகளில் முப்பதுகளின் நடுவிலேயே கையாளப்பட்ட யுக்தி அது. புரூஸ் குரோவர் இதே நெறியில் செய்த கிளட்ச் புகழ்பெற்றது. ஆயினும் அபாயம் அகன்றுவிடவில்லை. 1970 மார்ச் 8 அன்று லயன்ஸ் பந்தயத் திடலில் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் வண்டியில் கியர்ப் பெட்டி வெடித்து, வண்டி இரண்டாகப் பிளந்து, அவர் வலப்பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மறு ஆண்டே எஞ்சினைத் தமக்குப் பின்னால் வைத்த வண்டியில் வந்து வென்றார். இன்று நேர்கோட்டுப் பந்தயத்தின் உச்ச வகுப்பான டாப் ஃபியூயல் வண்டிகளில் கியர்ப் பெட்டியே கிடையாது. 11,000 குதிரைசக்திக்கு மேற்பட்ட வலிமையை, ஐந்தாறு பிளேட்டுகள் கொண்ட கிளட்ச் ஒன்றே படிப்படியாக இறுகிச் சக்கரங்களுக்குச் சேர்க்கிறது. சில விநாடிகளில் முடியும் ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் பிறகு அதைக் கழற்றிப் புதுப்பிக்கிறார்கள்.

சாலையில் ஓட்டும் வண்டிக்கு அந்த ஆடம்பரம் இயலாது. வெப்பத்தைத் தாங்குவதில் சிறந்த ஸெராமிக், உலோகப் பொடிப் பிளேட்டுகள், நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியை ஒவ்வோர் அடியிலும் உலுக்கும். 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லார் நாரைச் சேர்த்த பிளேட்டு நிதானமாகப் பற்றி நெடுநாள் உழைக்கும், ஆனால் ஒருமுறை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் மெருகேறி வழுக்கும். ஆதலால் சக்தியை இருமடங்காக்கிய வண்டியை அன்றாடம் ஊருக்குள் ஓட்டுபவனுக்கு, ஸ்பிரிங்கை மிகவும் இறுக்காமல், முகங்களை இரட்டிப்பாக்கும் இரண்டு பிளேட்டுக் கிளட்சே, விலை கூடுதலானாலும், பொருத்தமென்பது என் கருத்து. எஞ்சினின் சுற்றையும் அவன் உயர்த்தியிருப்பானேயானால், பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் கழற்றி எறிந்து, முத்திரை பெற்ற எஃகு ஃபிளைவீலுக்கும் எஃகு பெல் ஹவுசிங்குக்கும் முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக்கொண்டே கிளட்ச் பிளேட்டை விலை பேச வேண்டும்.