கண்ணீர்ச் சுரப்பியும் பிரஷ்ய விவசாயியும்

கண் டாக்டர் எனக்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு எழுதிக் கொடுத்ததிலிருந்து, கண்ணீர் சுரக்கும் இடத்தைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கிறேன். ரிட்டயரான பிறகு வேறென்ன வேலை!

1888-இல் கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில், மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் 42 வயது விவசாயி ஒருவரை மருத்துவர் கூட்டத்தில் காட்டினார். இரண்டு கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வீங்கி, கண்ணைத் திறப்பதே பாடு. வலி மட்டும் இல்லை. கட்டி என்று அறுத்தெடுத்தார், மறுபடி வளர்ந்தது. பிறகு அந்த மனிதர் வயிற்றில் சீழ் பிடித்து இறந்தார். வேடிக்கை என்னவென்றால், சாவதற்கு முன் வீக்கம் தானாகவே வடிந்துவிட்டது. புற்றுக்கட்டி அப்படி வடியுமா?

1933-இல் ஸ்வீடனின் ஷோகிரன், கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். 1953-இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், இரண்டும் ஒரே நோய்தான் என்றார்கள். அரை நூற்றாண்டு அதுவே வேதவாக்கு.

2004-இல் ஜப்பானியர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். மிக்குலிச் நோயில் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் எகிறியிருந்தது. நோயெதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் இன்டர்லூக்கின் 4, 10 போன்ற புரதங்களே அதைத் தூண்டுகின்றன என்கிறார்கள். ஷோகிரன் நோயில் சேதியே வேறு. இன்டர்ஃபெரான் கை ஓங்கியிருக்கும்.

ஐஜிஜி4 வீக்கம் பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரைக்கே வடிகிறது. ஆனால் லிம்போமா என்ற புற்றும் அதே இடத்தில் அதே முகத்தோடு வரும். அதனால்தான் இப்போது துளி சதையெடுத்துப் பார்க்காமல் மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை.