கலம் சொன்ன நிலம்

புறநானூற்றின் 56 ஆம் பாடல், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. மன்னனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்த புலவர், மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தரும் யவனர் மதுவைப் பருகி அவன் இனிது வாழ வேண்டுமென வாழ்த்துகிறார். அம்மது குளிர்ச்சியும் நறுமணமும் உடையது என்பதைப் பாடல் சொல்கிறது. யவனர் அதை நல்ல கலத்தில் கொணர்ந்தனர் என்பதையும் சொல்கிறது. அது விளைந்த மலை எது, மண் எது என்பதை மட்டும் சொல்லவில்லை. பூவையும் புள்ளையும் நிலத்தோடு வைத்தே பாடும் மரபில், ஒரு பொருள் தன் நிலத்தை இழந்து நிற்கும் இடம் இது.

‘கலம்’ என்னும் சொல் பாத்திரத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். பழைய உரை இதனைக் குப்பி என்றே கொள்கிறது. உரையாசிரியர் பாத்திரத்தைத் தேர்ந்தது பொருத்தமே என்பதை அகழாய்வுகள் பிற்காலத்தில் காட்டின. 1945 இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இத்தாலியின் அரெட்சோ நகரின் பெயரால் வழங்கும் சிவந்த மட்கலங்களோடு, இருபுறமும் கைப்பிடியுள்ள மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. முசிறித் துறைமுகத்தோடு தொடர்புபடுத்தப்படும் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளிலும், வைகை கடலோடு கலக்குமிடத்தை அடுத்த அழகன்குளத்திலும் இத்தகைய துண்டுகள் கிடைத்துள்ளன.

இவற்றுள் எல்லாம் இத்தாலியச் சாடிகள் அல்ல. கிரேக்கத் தீவுகளைச் சேர்ந்தனவும் உள்ளன. ஆயின் ஒருவகைத் துண்டுகளின் களிமண்ணில் கரிய எரிமலை மணல் கலந்திருக்கிறது. அது நேப்பிள்ஸ் விரிகுடாவைச் சூழ்ந்த கம்பானியாவின் மண்; வெசூவியஸ் எரிமலை உமிழ்ந்த மண். திராட்சைக்கொடி வேரூன்றியதும் சாடி வனைந்ததும் ஒரே நிலத்தில். மது ஆவியாகி மறைந்தது. புலவர் பாடாது விட்ட நிலத்தை ஓட்டுச்சில்லு காத்து வைத்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிபுளூஸ் என்னும் கடற்செலவு நூல், பரிகசா எனப்பட்ட பரோச் துறையில் இறங்கிய மதுவில் இத்தாலிய மதுவே முதன்மையானது என்று கூறுகிறது. முசிறியிலும், பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்ட நெல்கிண்டாவிலும் மது சிறிதளவே இறங்கியது என்பதும் அந்நூற்செய்தி. எனவே நன்மாறன் பருகியது கம்பானிய மதுவே என்று அறுதியிட்டுரைக்க இயலாது. அஃது அரும்பொருளாய் இருந்தது என்பது மட்டும் உறுதி. நக்கீரனார் அதைப் பொற்கலத்தோடு சேர்த்துப் பாடியதன் காரணமும் இதனால் விளங்குகிறது.

அந்நாளைய இத்தாலியர், மதுவை மலைச்சரிவின் பெயராலேயே அறிந்தனர். அதற்குச் சான்று மூத்த பிளினியின் இயற்கை வரலாறு. கம்பானியாவின் புகழ்மிக்க பலேர்னிய மதுவைப் பற்றிக் கூறுமிடத்து, குன்றின் உச்சியில் விளைவதற்கு ஒரு பெயரும், நடுச்சரிவில் விளைவதற்கு வேறொரு பெயரும், அடிவாரத்தில் விளைவதற்குப் பலேர்னியம் என்ற பெயரும் உண்டு என்கிறார். ஒரே குன்றுக்கு மூன்று மதுக்கள்! இதே பிளினிதான், துறைமுகத்திலிருந்து வெகு தொலைவில் உள்நாட்டிலிருக்கும் ‘மோதுரா’ நகரையும் அதன் பாண்டிய மன்னனையும் குறிப்பிட்டவர். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உரோமிடமிருந்து ஈர்த்துக்கொள்கிறது என்று வருந்தியவரும் அவரே. கம்பானியக் குன்றும் மதுரையும் ஒரே நூலில் இடம்பெற்றன. கி.பி. 79 இல் வெசூவியஸ் வெடித்தபோது பிளினி அங்கேயே மாண்டார். பாம்பேயின் திராட்சைத் தோட்டங்கள் சாம்பலில் புதைந்தன.

சாம்பல் மண்ணில் கொடி மீண்டும் தழைத்தது. கம்பானியாவின் உள்நாட்டு மலைப்பகுதியில், எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் விளையும் அலியானிகோ என்னும் கருந்திராட்சையிலிருந்து எடுக்கப்படும் தவுராசி, இன்று தென்னித்தாலியின் தலைசிறந்த செம்மதுக்களுள் ஒன்று. மூன்றாண்டுக் காலமாவது முதிர்ந்த பின்னரே அது விற்பனைக்கு வரும். வடக்கே பியட்மாண்டின் லாங்கே குன்றுகளில் பரோலோ பிறக்கிறது. அதற்குரிய திராட்சை நெபியோலோ. மூடுபனியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது என்பர். அக்டோபரில் குன்றுகளில் பனி கவியும் பொழுதே அதன் அறுவடைக் காலம். பரோலோ எல்லைக்குள்ளும் மேற்கே லா மோரா ஊரின் நீலச்சாம்பல் நிறச் சுண்ணக் களிமண் மென்மையும் மணமும் மிக்க மதுவைத் தர, கிழக்கே செர்ராலுங்காவின் பழமையான மண் துவர்ப்பும் திண்மையும் மிக்கதைத் தருகிறது. லாங்கே-ரோவேரோ, மான்பெர்ராத்தோ திராட்சை நிலத்தோற்றத்தை 2014 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது. காக்கப்பட்டது மது மட்டுமன்று. நிலமும் உழைப்பும் சேர்ந்து அமைத்த காட்சி.

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றது தொல்காப்பியம். கருப்பொருள் அதனைச் சார்ந்தே பிறக்கும். அவ்விதி இத்தாலியக் குன்றுக்கும் பொருந்துகிறது; நாகமலை புதுக்கோட்டை வழியே மேற்கே செல்லும் தேனிச் சாலை இட்டுச்செல்லும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பொருந்துகிறது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, கொடி வகையால் ஐரோப்பிய மஸ்கட் இனமே. லாங்கேயில் கொடி பனிக்காலத்தில் உறங்கி ஆண்டுக்கு ஒருமுறை கனி தரும். கம்பத்தில் அந்த உறக்கம் இல்லை. பந்தலேறிய கொடி, கவாத்துக்குப் பின் ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் காய்க்கிறது. கொடி அயலிலிருந்து வந்தது. சுவையும் பருவமும் இம்மண் தந்தவை.

நிலத்தின் பெயர் பாடலில் இல்லாததால் நக்கீரனார் பாடல் குறைபட்டதன்று. வாழ்த்துவதே அங்கே அவர் கருத்து. அயல்நாட்டு மலையை அவர் கண்டதுமில்லை. ஆயின் யவனர் மதுவை வெறும் செல்வச் சிறப்பாகக் கொண்டு கடந்துபோகும் வாசிப்பு குறையுடையது. ஒரு மலைச்சரிவின் மண்ணும், அதில் கொடி வளர்த்தோர் உழைப்பும், பருவக்காற்றில் கடல் கடந்தோர் துணிவும் அந்த ஒற்றைக் கலத்துள் அடங்கியிருக்கின்றன. கவிதையில் ஓர் அயற்பொருளை எடுத்தாளும்போது அதன் நிலத்தையும் உடன் அறிந்து கொள்ளுதல், திணை வகுத்த மொழியில் எழுதுவோர்க்குரிய கடமையாகும்.