புத்தகத்துக்கு முன்னால் ஆள்

வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், அந்நிய மொழி என்று வந்துவிட்டால் எந்த மொழி, எந்தப் புத்தகம், எந்தச் செயலி என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். இந்தக் கவலை புதிதல்ல. ஐரோப்பாவில் வசதியுள்ள குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வீட்டில்தான் மொழி கற்பித்தன. அப்படி வளர்ந்தவர்களில் சிலர் தாங்கள் கற்ற விதத்தைப் பிற்காலத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தால், அந்த மொழியில் பிள்ளையோடு அன்றாடம் புழங்கப்போகிற ஆள் யார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லத் தோன்றுகிறது.

பிரான்சில் 1533இல் பிறந்த மிஷெல் தெ மோன்தேனின் கதை இதற்கு நல்ல சான்று. குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தகப்பனார் அவனை ஒரு ஜெர்மானிய ஆசிரியரிடம் ஒப்படைத்தார். அவருக்கு லத்தீன் சரளம். பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாது. உதவிக்கு வேறு இருவரும் இருந்தார்கள். தகப்பன், தாய், வேலையாள், பணிப்பெண் என்று யாராக இருந்தாலும் குழந்தையிடம் பேச வேண்டுமானால் தமக்குத் தெரிந்த நாலு லத்தீன் சொற்களைக் கொண்டே பேச வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சுற்றுக் கிராமங்களில்கூடச் சில கருவிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் லத்தீன் பெயர்கள் ஒட்டிக்கொண்டனவாம். ஆறு வயது கடந்தும் பையனுக்குப் பிரெஞ்சு பிடிபடவில்லை. லத்தீனோ இலக்கணமும் பிரம்படியும் இல்லாமலே வந்துவிட்டது. அதே தகப்பனார் கிரேக்கத்தையும் கற்பிக்க முயன்றார். சொல் வடிவங்களைப் பலகை விளையாட்டாக்கிச் சொல்லித்தரச் செய்தார். ஆனால் தனக்குக் கிரேக்கம் ஏறக்குறைய வரவே இல்லை என்று மோன்தேன் எழுதுகிறார். பிள்ளை அவனேதான், தகப்பனின் அக்கறையும் குறையவில்லை. லத்தீனுக்கு வீடு நிறையப் பேச்சு இருந்தது, கிரேக்கத்துக்கு விளையாட்டு மட்டுமே இருந்தது.

பணக்கார வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் 1693இல் கல்வி பற்றி எழுதிய ஜான் லாக், செலவைக் குறைத்தே யோசித்தார். ஒரு பிரெஞ்சுப் பெண் இலக்கண விதி எதுவும் சொல்லாமல், பேசிப் பேசியே ஆங்கிலேயச் சிறுமிக்கு ஓரிரு ஆண்டில் பிரெஞ்சைக் கற்பித்துவிடுகிறாளே, லத்தீனுக்கு மட்டும் வேறு வழி எதற்கு என்பது அவர் வாதம். 1685க்குப் பிறகு பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் அகதிகள் லண்டனில் நிறையவே இருந்த காலம் அது, ஆகவே பிரெஞ்சு பேசும் ஆளுக்குப் பஞ்சமில்லை. லத்தீன் பேசும் ஆள் கிடைக்காவிட்டால் தாயே சுவிசேஷங்களை லத்தீனில் பிள்ளையோடு சேர்ந்து படித்துத் தானும் கற்றுக்கொள்ளலாம் என்றார் லாக். முழுப் புலமை இல்லாத தாய்கூடப் போதும், அவள் கூடவே உட்கார வேண்டும் என்ற இந்த யோசனை இன்றைக்கும் எந்த வீட்டுக்கும் எட்டக்கூடியது.

இதைவிட வலுவான மறுப்பு ஜான் ஸ்டூவர்ட் மில்லிடமிருந்து வருகிறது. 1806இல் பிறந்த அவர் மூன்று வயதிலேயே, தகப்பனார் அட்டைகளில் எழுதித்தந்த சொற்களைக் கொண்டு கிரேக்கம் படிக்கத் தொடங்கியவர். வீட்டில் யாரும் கிரேக்கம் பேசவில்லை. அட்டையே போதுமானதாக இருந்ததே என்று தோன்றலாம். அவர் படித்த மேசையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தகப்பனார் ஜேம்ஸ் மில், இந்தியா பற்றிய தம் பெரிய வரலாற்றை அங்கே எழுதிக்கொண்டிருக்கிறார். பையன் அதே மேசையில் பாடம் படிக்கிறான். அன்றைய கிரேக்க அகராதிகள் லத்தீனில் பொருள் சொல்பவை, அவனுக்கோ இன்னும் லத்தீன் ஆரம்பிக்கவில்லை. ஆகவே தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பாவைத்தான் கேட்கிறான். பொறுமை குறைந்த அந்த மனிதரும் எழுதுவதை நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்கிறார். அட்டைக்குப் பின்னால் இங்கேயும் ஓர் ஆள் இருந்தார். அவர் வாசிக்கும் துணை என்பதால் பிள்ளைக்கு வந்ததும் வாசிப்புதான். பேச்சு வேண்டாம், பழைய நூல்கள் போதும் என்கிற வீட்டுக்கு இது முற்றிலும் சரியான தேர்வு.

மோன்தேனின் லத்தீனும் நிலைக்கவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. போர்தோவில் பள்ளிக்குப் போனதும் அது கெடத் தொடங்கியது, பழக்கம் விட்டதால் பிறகு கைநழுவிப்போனது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வீட்டு முறையின் தோல்வியாக இதை நான் கருதவில்லை. கொடுத்த துணை நின்றபோது மொழியும் நின்றது, அவ்வளவுதான். மில்லுக்கோ பேசிப் பழகும் துணை தாமதமாகத்தான், அதுவும் பிரெஞ்சில், வந்தது. 1820இல், பதினான்கு வயதில், குடும்ப நண்பரான சாமுவேல் பெந்தமின் குடும்பத்தோடு தென் பிரான்சில் தங்கச் சென்றார். அந்தக் குளிர்காலத்திலேயே மோன்பெலியே நகரில் பிரெஞ்சில் நடந்த வேதியியல், விலங்கியல் விரிவுரைகளுக்குப் போய்வந்தார்.