கிலுகிலுப்பைப் பாம்பும் குதிரைமயிர்க் கயிறும்

அறுபத்தெட்டு வயதில் குதிரையேறுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. சான் டியகோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மாப்பிள்ளை குயமாக்கா மலைப் பாதைக்கு அழைத்துப் போனார். எனக்கு வாய்த்தது வயதான, சாதுவான பெண் குதிரை. ஒரு வளைவில் அது சட்டென்று நின்றுவிட்டது. காதுகள் விறைத்தன. காற்றில் வாகை நெற்று ஆடுவது போல ஒரு சத்தம். பாதையோரப் பாறையில் மூன்றடி நீளத்தில் ஒரு ராட்டில் ஸ்நேக், நம் தமிழில் கிலுகிலுப்பைப் பாம்பு.

முன்னால் போன வழிகாட்டிப் பெண் பதறவில்லை. "குதிரையைத் தலை குனிய விடாதீர்கள், மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள்" என்றார். சற்று நேரத்தில் பாம்பு தானே புதருக்குள் போய்விட்டது.

தலை குனியக்கூடாது என்றதற்குக் காரணம் உண்டு. குதிரை முகர்ந்து பார்க்கப் போய் மூக்கில்தான் பெரும்பாலும் கடி வாங்கும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. மூக்கு வீங்கி அடைத்தால் மூச்சு முட்டிவிடும். அதனால் அங்கே சிலர் சிறு ரப்பர் குழாய்த் துண்டுகளைப் பையில் வைத்திருப்பார்களாம், நாசியில் செருகுவதற்கு.

வீடு திரும்பியதும் நூலகத்தில் தேடியபோது லாரன்ஸ் க்ளாபர் என்பவரைக் கண்டுகொண்டேன். அவர் பாம்பு நிபுணராகப் படித்தவர் அல்லர். என்னைப் போல எலெக்ட்ரிகல் என்ஜினியர்! சான் டியகோ மின்சாரக் கம்பெனியில் சேர்ந்து தலைவர் பதவிவரை உயர்ந்தவர். 1920களில் உள்ளூர் மிருகக்காட்சிசாலைக்குப் பாம்புகளை அடையாளம் காட்ட உதவப் போனவர், அதிலேயே ஊறிவிட்டார். 1956இல் கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார்.

குதிரை மேய்த்த கௌபாய்கள் இரவில் படுக்கையைச் சுற்றிக் குதிரைமயிர்க் கயிற்றை வட்டமாகப் போடுவார்களாம். மயிர் குத்தும், பாம்பு தாண்டாது என்று நம்பிக்கை. சோதித்துப் பார்த்தபோது பாம்புகள் அதன் மேல் சாவதானமாக ஊர்ந்து போயின. கிலுகிலுப்பையின் வளையங்களை எண்ணி வயது சொல்வதும் அப்படித்தான். சட்டை உரிக்கும்போதெல்லாம் ஒரு வளையம் கூடும். ஒரே ஆண்டில் பலமுறை உரிக்கலாம், நுனி ஒடிந்தும் போகலாம்.

கடிக்கு அன்றைய வைத்தியம் விஸ்கி குடிப்பது, கீறி உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது. உண்மையான மருந்துக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி சூவல். 1887இல் புறாக்களுக்குக் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, தாங்கும் சக்தி வருவதைக் காட்டினார். 1890களில் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் நாக விஷத்துக்கு முறிமருந்து கண்டார். பிறகு குதிரைக்கு விஷம் ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுப்பது வழக்கமாயிற்று. 1954 முதல் அமெரிக்காவில் பல்லாண்டு புழங்கிய மருந்தும் குதிரையிடமிருந்து வந்ததுதான். குதிரையின் மயிர் காப்பாற்றவில்லை, ரத்தம் காப்பாற்றியது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்பதுகளில் லைன் பார்க்கப் போன இடத்தில் எங்கள் ஹெல்பர் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. கையிலிருந்த கயிற்றால் அவர் காலை இறுக்கிக் கட்டியவன் நான். மருந்து ஏற்றி உயிர் பிழைத்தார். பாதத்தை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. விஷம் பாதி, கட்டு பாதி என்று டாக்டர் என்னிடம் தனியே சொன்னார். அவரிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. கடைசிவரை என்னைக் கண்டால் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுக் கும்பிடுவார்: "நீங்கதான் சார் உசிரக் காப்பாத்துனீங்க."

நண்பர்களே, பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை அசைய விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கௌபாயின் கயிறானாலும் என் கயிறானாலும், அது கட்டியவன் மனதுக்குத்தான் தைரியம் தருகிறது.