பீப்பாய்க்குள் ஒரு பேரேடு

ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை. அடி அகலமாக, வாய் குறுகலாக, துலிப் பூ மாதிரி இருக்கிறது. அதற்குள் ஒரு முப்பது மில்லி ரம். நன்கு முற்றிய தேனின் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வெனிலா வாசனை வருகிறது. அடுத்து லேசாகத் தேங்காய். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், சம்பந்தமே இல்லாமல் உலர்திராட்சை. கரும்பில் பிறந்த சரக்கில் திராட்சைக்கு என்ன வேலை?

பதில் பாட்டில் லேபிளிலேயே இருக்கிறது. 'போர்ட் காஸ்க் ஃபினிஷ்.' அதாவது, போர்ட் ஒயின் இருந்த பழைய பீப்பாயில் சில காலம் கிடந்த ரம். அவ்வளவுதான். ஆனால், போர்ச்சுகல் நாட்டு ஒயினுக்கும் கரீபியன் கடலில் இருக்கிற பார்படோஸ் தீவின் ரம்முக்கும் அப்படி என்ன உறவு என்று கேட்டால், லேபிள் போதாது. முந்நூறு வருடத்துக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டவேண்டும்.

குடி குடியைக் கெடுக்கும் என்பதில் மாற்றுக் கருத்து கிடையாது. எனவே கோப்பையையே தொடாதவர்களும் தாராளமாகக் கூட வரலாம். இந்தக் கதையில் நாக்கைவிட மூக்குக்கு வேலை அதிகம். மூக்கைவிட, கணக்குப் போடுகிற புத்திக்கு அதிகம்.

முதலில் மூக்கு. இப்படிப்பட்ட ரம்மை யாரும் மடக் மடக்கென்று குடிப்பதில்லை. கோலா ஊற்றுவதில்லை. ஐஸ் போடுவதில்லை, குளிர்ந்தால் வாசனை உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். கோப்பையில் ஊற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா விடவேண்டும். பிறகு, வாயை லேசாகத் திறந்தபடி, கோப்பையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து முகர வேண்டும். மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் நெடிதான் சுரீரென்று ஏறும். வேறெதுவும் தெரியாது. அப்புறம் ஒரு சின்ன மிடறு. உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடவேண்டும். ஆல்கஹால் அதிகமுள்ள சரக்காக இருந்தால் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடலாம். ஒளிந்துகொண்டிருக்கும் வாசனைகள் சில எட்டிப்பார்க்கும். விழுங்கிய பிறகும் தொண்டையில் ஒரு ருசி தங்குகிறதல்லவா, அது எத்தனை நேரம் நிற்கிறது என்று கவனிக்கவேண்டும். ரசிகர்கள் கடைசியில் மார்க் போடுவது அதற்குத்தான்.

இதில் வெனிலாவும் தேங்காயும் ஓக் மரத்தின் உபயம். அமெரிக்கச் சட்டப்படி பூர்பன் விஸ்கியைப் புத்தம்புதிய, உட்புறம் தீயில் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்கவேண்டும். ஒருமுறை வைத்த பீப்பாயில் இன்னொருமுறை பூர்பன் வைக்கமுடியாது. பீப்பாயை என்ன செய்வது? விற்றுவிடுகிறார்கள். சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பழைய பீப்பாய்கள்தாம் உலகத்தின் பாதி ரம்முக்குப் பள்ளிக்கூடம். திராட்சை வாசனை அதற்கு அடுத்த வகுப்பில் வருகிறது. போர்ட் ஒயின் பல வருடம் கிடந்த பீப்பாயின் பலகைகளில் லிட்டர் கணக்கில் ஒயின் ஊறிப்போயிருக்கும். அதற்குள் ரம்மை மாற்றி ஊற்றினால், பலகை தான் குடித்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். இதைத் திட்டமிட்ட ஒரு தொழில்நுட்பமாக 1980-களில் செய்து காட்டியவர்கள் ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள். ரம் தயாரிப்பாளர்கள் பிற்பாடு பிடித்துக்கொண்டார்கள்.

சரி, இனி கணக்கு.

பார்படோஸ் எவ்வளவு பெரியது தெரியுமா? 430 சதுர கிலோமீட்டர். பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பளவு 426. ஆக, நம் சென்னை அளவே உள்ள ஒரு தீவு. 1627-ல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். புகையிலை, பருத்தி என்று எதையெதையோ போட்டுப் பார்த்துவிட்டு, 1640-களில் கரும்புக்கு வந்தார்கள். காசு கொட்டியது. காடு காணாமல் போய், தீவே ஒரு கரும்புத் தோட்டமாகிவிட்டது.

கரும்புச் சாற்றைக் காய்ச்சி, அடியில் ஓட்டை போட்ட கூம்பு வடிவ மண்பானைகளில் ஊற்றி வைப்பார்கள். சர்க்கரை பானைக்குள் தங்கும். ஓட்டை வழியாகக் கறுப்பாக ஒரு பாகு சொட்டும். அதுதான் மொலாசஸ். கழிவு. ஐரோப்பாவுக்கு அனுப்பினால் கப்பல் கூலிக்குக் கட்டாது. மாட்டுக்கு ஊற்றினார்கள். அப்படியும் மிஞ்சியது. யாரோ அதைப் புளிக்கவைத்து வடித்துப் பார்த்தார்கள். கிடைத்த சரக்குக்கு அந்தக் காலத்துத் தீவுவாசிகள் வைத்த பெயர் 'கில் டெவில்'. குடித்தால் சாத்தானே செத்துவிடுவான் என்று அர்த்தம். ருசி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த நெருப்பைப் பானமாக மாற்றியது எந்த மேதையும் அல்ல. பீப்பாய்தான். அன்றைக்குப் பீப்பாய் என்பது வெறும் பேக்கிங் சாமான். எண்ணெய், உப்புக்கறி, ஒயின், சர்க்கரை எல்லாம் அதில்தான் கப்பலேறின. ரம்மும் ஏறியது. மாதக்கணக்கில் கடலில் ஆடி அசைந்து லண்டனில் இறங்கியபோது, புறப்பட்டதைவிடச் சாதுவாக இருந்தது. கழிவிலிருந்து பிறந்த சரக்கு, பேக்கிங்கினால் பக்குவமானது!

இப்போது 1703-க்கு வாருங்கள். அந்த ஆண்டில் இரண்டு பத்திரங்கள் எழுதப்பட்டன.

முதல் பத்திரம் பார்படோஸில். ஒரு கரும்புத் தோட்டத்தின் சொத்து விவரம். காற்றாலைகள், சாறு காய்ச்சும் கொட்டகை என்று பட்டியல் போகிறது. நடுவில் 'வடிக்கும் கொட்டகை' என்று ஒன்று. அந்தத் தோட்டம்தான் பின்னாளில் 'மவுண்ட் கே' என்று பெயர் மாறியது. தன்னை உலகின் மிகப் பழைய ரம் நிறுவனம் என்று அது சொல்லிக்கொள்வது இந்தப் பத்திரத்தை வைத்துத்தான். இன்றும் அதன் பாட்டில்களில் 1703 என்ற எண்ணைப் பார்க்கலாம்.

இரண்டாவது பத்திரம் லிஸ்பனில், டிசம்பர் மாதம். இங்கிலாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே மெத்யூன் ஒப்பந்தம். பிரான்ஸோடு இங்கிலாந்துக்குச் சண்டை. பிரெஞ்சு ஒயின் இல்லாமல் லண்டன் பிரபுக்களுக்குத் தொண்டை காய்கிறது. எனவே ஒரு டீல். இங்கிலாந்தின் கம்பளித் துணியைப் போர்ச்சுகல் தன் சந்தைக்குள் அனுமதிக்கும். பதிலுக்குப் போர்ச்சுகல் ஒயினுக்கு, பிரெஞ்சு ஒயினுக்குப் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு வரியை இங்கிலாந்து குறைத்துக்கொள்ளும். டோரோ நதிப் பள்ளத்தாக்கின் ஒயின் லண்டனில் குவியத் தொடங்கியது. புளித்து முடிவதற்குள் அதில் திராட்சைச் சாராயத்தைக் கலந்துவிட்டால் இனிப்பு அப்படியே நிற்கும், சீக்கிரம் கெடாது என்று கண்டுகொண்டார்கள். அதுதான் இன்றைய போர்ட் ஒயின்.

அந்த ஒயினை வைக்கும் பெரிய மரக்கலத்துக்குப் போர்ச்சுகீசிய மொழியில் 'பிப்பா' என்று பெயர். சுமார் 550 லிட்டர் கொள்ளும். பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும். ஜன்னலையும் சாவியையும் அலமாரியையும் நமக்குக் கொடுத்த போர்ச்சுகீசியர்கள் இதையும் கொடுத்திருக்கிறார்கள். நம் 'பீப்பாய்' அதுவேதான்.

ரம்மும் போர்ட்டும் வேறு வேறு கண்டத்தில் பிறந்தாலும் வாடிக்கையாளர் ஒருவரே. இரண்டும் ஒரே லண்டன் துறைமுகத்தில் இறங்கி, ஒரே சுங்க அதிகாரிக்கு வரி கட்டின.

பொருளாதாரமோ வணிகவியலோ படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்டியிருக்கும். டேவிட் ரிக்கார்டோ! 1817-ல் அவர் எழுதிய புத்தகத்தில் வருகிற புகழ்பெற்ற உதாரணம். இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் ஒயின் பண்ணட்டும், இரண்டும் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம். சர்வதேச வர்த்தகப் பாடத்தின் பிள்ளையார் சுழி இதுதான். பி.காம். படித்த காலத்தில் நானும் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். துணி ஒரு பக்கம், ஒயின் ஒரு பக்கம். பற்று, வரவு. என்ன அழகான கணக்கு!

ஒரே ஒரு சிக்கல். நிஜத்தில் அந்தக் கணக்கு டாலி ஆகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் போர்ச்சுகல் வாங்கிய துணியின் மதிப்பு அதிகம், விற்ற ஒயினின் மதிப்பு குறைவு. துண்டு விழுந்த தொகையைப் போர்ச்சுகல் தங்கமாகக் கொடுத்தது. தங்கம் எங்கிருந்து வந்தது? பிரேசில் சுரங்கங்களிலிருந்து. அதைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். பாடப்புத்தகத்தில் இரண்டு நாடுகள்தாம் உண்டு. மூன்றாவதாக ஒரு கண்டமே இருந்ததற்கு அதில் பத்தி ஒதுக்கவில்லை.

பார்படோஸ் கரும்புத் தோட்டத்திலும் அதே கதைதான். வெட்டியவர்கள், ஆலையில் கை நசுங்கியவர்கள், கொதிக்கும் கொப்பரை முன்னால் ராப்பகலாக நின்றவர்கள் எல்லோரும் அடிமைகள். 1661-லேயே அவர்களை எப்படி நடத்தலாம் என்று அந்தத் தீவு ஒரு சட்டத் தொகுப்பு போட்டுவிட்டது. மற்றக் காலனிகள் அதைப் பார்த்துக் காப்பியடித்தன. தோட்டங்களின் சொத்துப் பட்டியல்களில் கொப்பரைகள், மாடுகள், மனிதர்கள் எல்லாவற்றுக்கும் நேரே விலை எழுதியிருப்பார்கள். ரம்மையே கொடுத்து ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கியதும் நடந்தது. அடிமை செய்த சரக்கு, அடுத்த அடிமையின் விலை. எந்த ஆடிட்டரும் தலைசுற்றிப் போகும் கணக்கு.

1833-ல் அடிமை முறையை ஒழிக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நஷ்ட ஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அன்றைய அரசாங்கத்தின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம். சந்தோஷப்படாதீர்கள். அந்தப் பணம் அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு. 'சொத்து' பறிபோகிறதே, அதற்கு. பார்படோஸில் மட்டும் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். ஒருவருக்கும் ஒரு பென்னி கிடையாது. 'பயிற்சிக் காலம்' என்று சொல்லி 1838 வரை சம்பளமில்லாமல் வேலை வேறு வாங்கினார்கள். அதன் பிறகும் அந்தச் சின்னத் தீவில் தோட்டங்களைவிட்டால் கால் வைக்க இடமில்லை. பழைய எஜமானரிடமே கூலிக்குப் போனார்கள்.

இடம் நிறைய இருந்த மற்றப் பகுதிகளில் ஆட்கள் தோட்டத்தைவிட்டு வெளியேற, அந்தக் காலி இடத்தை நிரப்பக் கப்பல்கள் நம் பக்கம் திரும்பின. பிரிட்டிஷ் கயானாவுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும், 1853 முதல் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்குப் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். இரண்டு இடங்களுமே இன்றைக்கு ரம்முக்குப் பேர் போனவை.

மறுபடியும் பீப்பாய்க்கு வருவோம். ஓக் பலகை மூச்சு விடும். உள்ளே இருக்கும் சரக்கு ஆவியாகிக்கொண்டே இருக்கும். 'தேவதைகளின் பங்கு' என்று அதற்குச் செல்லப் பெயர். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் தேவதைகள் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். வெயிலடிக்கும் கரீபியனில் 6 சதவீதமும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். தேய்மானக் கணக்கு மாதிரி வருடா வருடம் மிச்சத்தில் 6 சதவீதம் கழித்துக்கொண்டே வாருங்கள். 100 லிட்டர் வைத்தால் பத்தாம் வருடக் கடைசியில் 54 லிட்டர்கூட முழுதாக இருக்காது. ஸ்காட்லாந்திலோ 81 லிட்டருக்கு மேல் மிஞ்சும். நல்ல ரம்மின் விலையில் கணிசமான பகுதி, நாம் குடிக்காத, காற்றோடு போய்விட்ட ரம்முக்கானது.

அதனால்தான் குறுக்கு வழிக்காரர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்துவிட்டால் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த மாதிரி ஒரு வழுவழுப்பு வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியமே இப்போது ரம்மில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் இனிப்பு கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். சர்க்கரையின் இனிப்பு நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டு நகராது. ஒயின் பீப்பாயின் பழ வாசனை முதலில் வந்து, பிறகு மரத்தின் துவர்ப்பாக மாறி, கடைசியில் காய்ந்து முடியும்.

பார்படோஸின் ஃபோர்ஸ்கொயர் ஆலை இந்த விஷயத்தில் கறார். சர்க்கரை சேர்ப்பதில்லை. அவர்கள் 2005-ல் வடித்த ஒரு ரம், மூன்று வருடம் பூர்பன் பீப்பாயிலும் ஆறு வருடம் போர்ட் பீப்பாயிலும் இருந்தது. ஃபினிஷ் என்று பேர்தான். உண்மையில் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் போர்ட் வீட்டில்தான் கழித்திருக்கிறது. 2020-ல் மவுண்ட் கேயும் போர்ட் பீப்பாயில் பக்குவப்படுத்திய ஒரு ரம்மை வெளியிட்டது. செய்தவர் ட்ரூடியான் பிராங்கர், பார்படோஸ்காரர், அந்த நிறுவனத்தின் முதல் பெண் மாஸ்டர் பிளெண்டர். 1703-ன் இரண்டு பத்திரங்களும் ஒரே பாட்டிலுக்குள் சந்தித்துக்கொண்டன. அதில் எந்தப் பத்தியிலும் இடம் பெறாத மக்களின் தீவிலிருந்து வந்த ஒருவர் கையெழுத்துப் போட்டு அதை வெளியே அனுப்பினார்.

ஒரே ஒரு பதிவு பாக்கி இருக்கிறது. அந்த 2 கோடி பவுண்டு நஷ்ட ஈட்டுக்காக பிரிட்டன் அரசு கடன் வாங்கியிருந்தது. கடன் பத்திரங்கள் பலமுறை பெயர் மாறி, உருமாறி, பிரிட்டன் மக்களின் வரிப்பணத்தில் அடைபட்டுக்கொண்டே வந்தன. முழுவதும் அடைந்தது 2015-ல். ஃபோர்ஸ்கொயரின் அந்த ரம், போர்ட் பீப்பாயிலிருந்து இறங்கி பாட்டிலில் அடைபட்டது 2014-ல்.

கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடம் ஊறிய ரம் வெளியே வந்தபோதுகூட, அடிமைகளை இழந்த முதலாளிகளுக்காக வாங்கிய கடன் பேரேட்டில் பாக்கி இருந்தது. அடிமைகளுக்கு என்று அந்தப் பேரேட்டில் ஒரு பக்கமே திறக்கப்படவில்லை.