மூளை நிபுணர்னு சொல்றவர் எங்கிருந்து வந்தார்?

இந்த எபிசோட் ஆலோசகர்களைப் பத்தி.

நாமக்கல்ல பண்ணை வெச்சிருக்கவங்க, தீவனக் கம்பெனி ஆள் சொல்றதைக் காது கொடுத்துக் கேப்பாங்க. ஆனா கோழி கொத்தா செத்து விழுந்தா, காரணம் கேட்டுப் போறது கால்நடை டாக்டர்கிட்டதான். 1985-ல தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி ஊர்லயே இருக்கு. விக்கிறவர் யாரு, நோயைக் கண்டுபிடிக்கிறவர் யாருன்னு அவங்களுக்கு வித்தியாசம் தெரியும். அதே பண்ணை வீட்டுப் பையன் ஆன்லைன்ல முட்டையோ, சேலத்து வெள்ளிக் கொலுசோ விக்க ஆரம்பிச்சா, "மூளை அறிவியல்படி விளம்பரம் போடக் கத்துத் தர்றேன்"னு சொல்ற ஒருத்தருக்கு யோசிக்காம ஃபீஸ் கட்டிடறான். இந்த ஆலோசகர்கள் எந்தத் துறையில இருந்து வர்றாங்க? இதுக்கு நூறு வருஷக் கதை இருக்கு.

முதல்ல ஜான் பி. வாட்சன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல உளவியல் பேராசிரியர். மாணவி ஒருத்தரோட இருந்த உறவு வெளிய வந்து, 1920-ல வேலை போச்சு. அப்புறம் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்துல சேர்ந்தார். அவர் அசல் விஞ்ஞானி. ஆனாலும் வாங்குறவங்களைப் புரிஞ்சுக்க மேசீஸ் கடையில கவுண்டருக்குப் பின்னாடி நின்னு வேலை பாத்தார். அவரோட காலத்துக்காரர் எட்வர்ட் பெர்னேஸ், ஃப்ராய்டோட மருமகன். கார்னெல்ல அவர் படிச்சது விவசாயம். 1929-ல பெண்களுக்கு சிகரெட் விக்கிற வேலை வந்தப்ப, ஏ. ஏ. பிரில்ங்கிற மனநல மருத்துவர்கிட்ட யோசனை கேட்டார். அந்த யோசனை சிகரெட் விக்கத்தான் பயன்பட்டது. மருத்துவர் சொன்னார்ங்கிறதால ஒரு விஷயம் நல்லதாகிடாது.

அடுத்து நம்ம காலம். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஏ. கே. பிரதீப், பெர்க்லியில இன்ஜினியரிங்ல டாக்டர் பட்டம் வாங்கினவர். 2005-ல நியூரோஃபோகஸ் கம்பெனியைத் தொடங்கினார். தலையில இ.இ.ஜி. சென்சார் மாட்டி, விளம்பரம் பாக்கிறவங்களோட மூளை அலைகளை அளக்கிற வேலை. அவர் மூளை விஞ்ஞானி இல்ல. அதனால பெர்க்லி நரம்பியல் பேராசிரியர் ராபர்ட் நைட்டை அறிவியல் ஆலோசகரா வெச்சுக்கிட்டார். 2011-ல நீல்சன் அந்தக் கம்பெனியை வாங்கிடுச்சு.

அதே 2011-ல இன்னொரு சம்பவம். மார்ட்டின் லிண்ட்ஸ்ட்ரோம்ங்கிற பிராண்ட் ஆலோசகர், 16 பேரோட மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு, ஐபோனை மக்கள் உண்மையாவே காதலிக்கிறாங்கன்னு நியூயார்க் டைம்ஸ்ல எழுதினார். ஆதாரம்? மூளையில இன்சுலாங்கிற பகுதி சுறுசுறுப்பாச்சாம். ரஸ்ஸல் போல்ட்ராக்ங்கிற நரம்பியல் விஞ்ஞானி இதை மறுத்துக் கடிதம் எழுத, 40-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூட கையெழுத்துப் போட்டாங்க. அவங்க வாதம் எளிமையானது: மூளை ஸ்கேன் ஆய்வுகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குல இன்சுலா தலைகாட்டும். வலி, அருவருப்பு வந்தாக்கூட அது வேலை செய்யும். அதை வெச்சுக் காதல்னு சொல்ல முடியாது.

இதுல கவனிக்க வேண்டியது டிகிரியை மட்டும் இல்ல. பிரதீப்பும் இன்ஜினியர்தான், ஆனா சொல்றதைச் சரிபாக்கத் துறை தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டார். லிண்ட்ஸ்ட்ரோம் விஷயத்துல, தப்பைச் சுட்டிக்காட்டக்கூடியவங்க கட்டுரை வந்த பிறகுதான் பேச முடிஞ்சது.

அதனால அடுத்த தடவை கோர்ஸுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எந்தத் துறையில பயிற்சி எடுத்தீங்க? எத்தனை பேர்கிட்ட சோதிச்சீங்க? உங்க முடிவை அந்தத் துறைக்காரங்க யாராவது பாத்திருக்காங்களா? பதில் வரலைன்னா அவர் விளம்பரம் தெரிஞ்சவரா இருக்கலாம், அதுக்கான ஃபீஸ் மட்டும் கொடுங்க. மூளைக்குன்னு தனியா கொடுக்க வேண்டாம்.