முதுகுக்கு வந்த இரவல் ஊசி

பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் நான்காவது நிறுத்தம் யுனிவர்சிட்டி. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். இத்தகைய மருத்துவமனைகளில், முதுகெலும்பைக் காசநோய் அரித்தாலும் முதுகை நெடுகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே திருகு பொருத்தி நிமிர்த்தும் காலம் இது. அந்தத் துளைகளுக்குள் போன கருவிகள் எங்கெங்கிருந்தோ இரவல் வந்தவை.

நோய் மட்டும் மிகப் பழையது. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் பூசாரி நெஸ்பெரெஹானின் மம்மியில் கூன் விழுந்த முதுகும், இடுப்புத் தசை வழியே இறங்கிய சீழ்க்கட்டியும் இருக்கின்றன. கூனோடு கால்கள் செயலிழப்பதை 1779இல் விவரித்தவர் லண்டனின் பெர்சிவல் பாட். முதுகெலும்பின் இருபுறமும் காரம் வைத்துப் புண்ணாக்கி, கெட்ட நீரை வடியவிடுவதே அவர் கண்ட வைத்தியம்.

1910இல் ஸ்டாக்ஹோம் மருத்துவர் ஜாக்கோபேயஸ், சிறுநீர்ப்பையைப் பார்க்கச் செய்த குழாயை நோயாளியின் நெஞ்சுக்குள் நுழைத்தார். நுரையீரல் காசநோயில் ஒட்டிக்கொண்ட சவ்வுகளை அதன் வழியே பார்த்தே அறுக்கவும் செய்தார். துளை அறுவையின் வேர்களில் ஒன்று காசநோயில்தான் இருக்கிறது! 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, அதன் பின்னே மற்ற மருந்துகளும் வர, நெஞ்சுக் குழாய்க்கு வேலை குறைந்தது.

மருந்தின் துணையோடு கத்தி இன்னும் ஆழமாகவே இறங்கியது. ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் நெஞ்சைத் திறந்து, அழுகிய முள்ளெலும்பை எடுத்துவிட்டு, நோயாளியின் விலா எலும்பையே அங்கே முட்டுக்கொடுத்தார்கள். 1956இல் வெளியான அந்த முறையை உலகின் பல இடங்களில் பின்பற்றினார்கள்.

அதே 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. பின்னாளில் சென்னையில், நடக்க முடிந்த 304 முதுகெலும்புக் காசநோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள்; ஒரு பிரிவுக்கு ஹாங்காங் அறுவையும் மருந்தும், மற்ற இரண்டுக்கு மருந்து மட்டும். பத்தாண்டு முடிவு 1999இல் வந்தது: மொத்தத்தில், குணமடைவதில் மருந்து மட்டும் எடுத்தவர்கள் பின்தங்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிய திருப்பம் இதுதான். கிருமியைக் கொல்வது மாத்திரை என்றான பிறகு, நரம்பு நசுங்கும்போதும் எலும்பு சரியும்போதும் கைகொடுப்பதே கத்தியின் வேலை. அதற்கு உடம்பை அவ்வளவு பிளக்க வேண்டியதில்லை.

1990களில் டல்லஸ் மருத்துவர்கள் கேமரா பொருத்திய நெஞ்சுக் குழாயை முதுகெலும்பு நோய்களுக்குத் திருப்பினார்கள். முதுகுப் பக்கம் துளையிட உதவும் ஊசியின் கதை இன்னும் சுவையானது. இரானில் பிறந்த ஜம்ஷிதி எலும்பு மஜ்ஜை எடுப்பதற்காக அமெரிக்காவில் வடிவமைத்து 1971இல் அறிவித்த ஊசி அது. குப்புறப் படுத்திருக்கும் நோயாளியின் மேல் வளைந்து நிற்கும் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடி, அந்த ஊசியை முள்ளெலும்புக்குள் மெல்லத் தட்டி இறக்குகிறார்கள். அதன் வழியே மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விடுகிறார்கள். ஊசியை உருவிவிட்டு, அந்தக் கம்பியின் மேலேயே உட்குழிவான திருகைக் கோத்து இறக்குகிறார்கள். கடைசியில் தோலுக்கடியில் ஒரு தண்டை நுழைத்துத் திருகுகளை இணைத்தால் முதுகு நிற்கும். தசையை எலும்பிலிருந்து உரிப்பதில்லை என்பதால் ரத்த இழப்பும் குறைவு.

திரையைப் பார்த்து இறக்கும் திருகு சரியான இடத்தில்தான் உட்காருகிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் மருத்துவர்களோடு சேர்ந்து, ஆசிய, ஐரோப்பிய நோயாளிகளின் இடுப்புப் பகுதியில் இப்படிப் போட்ட 880 திருகுகளை ஸ்கேனில் ஒவ்வொன்றாகப் பார்த்து 2015இல் எழுதினார்கள். நோயாளிகள் காசநோய்க்காரர்கள் மட்டுமல்லர். ஆனால் எல்லோருக்கும் திருகு போடும் முறை ஒன்றுதான்.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மாதக்கணக்கில் முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர், எடை குறைந்து ராத்திரியில் வியர்க்கிறது என்றால், தயவுசெய்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போகும் வரை காத்திருக்கக் கூடாது. அறுவை தேவைப்பட்டாலும் துளைக் காயம் சீக்கிரம் ஆறிவிடும். மாத்திரை மாதக்கணக்கில் தொடரும். அரசு கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) தன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கச் சொல்கிறாரே, அந்தப் பழக்கமும் பல ஆண்டுகளுக்கு முன் சென்னையிலும் ஹாங்காங்கிலும் உருவாகி வந்ததுதான்.